கை நனைத்த வீடு

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேடத்துக்கு இருபத்தாறு வயது. எனக்கு நாற்பத்தொன்று. என் மூத்த மகளுக்கும் அவருக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். முதல் ஒரு வாரம் அந்த 'மேடம்' தொண்டையிலேயே நின்றது. பதினோரு வருடம் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் லைனில் நின்றவள் நான். ஒரு நாள் லைனையே மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவளை எங்கள் மகளிர் குழுவில் ஒருத்தி செங்கல்பட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். செல்போன் கடைக்கு மேலே இரண்டு அறை. பஸ் ஏறி ஊர் ஊராகப் போக முடியுமா, நாலு பேரிடம் பேசத் தெரியுமா என்று கேட்டார்கள். பேசுவதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும்? சேர்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகள், இருந்தும் பார்க்க ஆளில்லாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு மாதம் ஒரு முறை போக வேண்டும். பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையைப் படித்துத்தான் பிள்ளை அந்த வீட்டிலேயே இருக்கலாமா, விடுதியில் சேர்க்க வேண்டுமா என்று மேலே முடிவெடுப்பார்கள். மேலே இருப்பவர்கள் யாரும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான். இது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி. அப்புறம் ஒரு மாதம் மேடத்தின் பின்னாலேயே சுற்றிக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு தனியாக. மேடம் வரிசையாகச் சொன்னார். பிள்ளையைப் பெரியவர்கள் இல்லாமல் தனியாகப் பாருங்கள். கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள், தலைமுடியைப் பாருங்கள். பிள்ளை என்ன சொன்னதோ அதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் அழகுபடுத்த வேண்டாம். நான் நோட்டில் எழுதிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளை பெற்று ஆளாக்கியவளுக்குக் கல்யாணமே ஆகாத ஒரு பெண் வந்து பிள்ளை வளர்ப்பு சொல்லித்தருகிறதே என்று. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியாக ஒன்று சொன்னார். "போற வீட்டுல எதுவும் சாப்பிடாதீங்க அக்கா. தண்ணி குடிக்கலாம். அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் மேடம்?"

"பொண்ணு பார்க்கப் போற வீட்டுல கை நனைப்பீங்களா? சம்மதம்னு முடிவாகுற வரைக்கும் சோத்துல கை வைக்க மாட்டோம்ல? சாப்பிட்டுட்டா அப்புறம் வேண்டாம்னு சொல்ல வாய் வராது. அதேதான் இங்கயும். நாம எந்த வீட்டுக்கும் சம்மதம் சொல்லப் போகல, பார்க்கப் போறோம்."

சொன்னது நியாயம்தான். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் அப்பா அப்படித்தான் மூன்று வீட்டில் தண்ணீரோடு எழுந்து வந்தார். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் கதை வேறு. நான் ஆறாவது படிக்கும்போது, அண்ணன் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று கேட்க ஒரு சார் எங்கள் காலனிக்கு வந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். என்னைக் கடைக்கு ஓடவிட்டு ஒரு கோலி சோடா வாங்கிவரச் சொன்னாள். மூடின பாட்டில் பாருங்கள், அதில் எங்கள் கை படாது. அவர் அதையும் தொடவில்லை. வாசலில் நின்றபடியே, "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அந்தப் பாட்டிலை எங்களிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். முப்பது வருடம் ஆகியும் அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. இதை மேடத்திடம் சொன்னேன். ஏழை வீட்டுக்குப் போய், கொடுத்ததைத் தொடாமல் வருகிற ஆளாக நான் இருக்க மாட்டேன் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "புரியுது அக்கா. இருந்தாலும் வேண்டாம்" என்றார்.

உனக்கென்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எனக்குத் தனியாகக் கொடுத்த முதல் வீடு, நெம்மேலி தாண்டி ஒரு குப்பத்தில் இருந்தது. செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஈ.சி.ஆர். ரோட்டில் மேலே வர வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டு வயது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒன்றரை வருட இடைவெளியில் எச்.ஐ.வி.யால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைக்கு அந்த நோய் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? சொந்தத்தில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவின் தங்கை, அவளுடைய சித்திதான், கைக்குழந்தையோடு இருந்தும் இவளை அழைத்துக்கொண்டு வந்தாள். புருஷன் கட்டுமரம் விட்டு ஃபைபர் படகில் கூலிக்குப் போகிறவன். பாதி நாள் கடல், பாதி நாள் தூக்கம்.

முதல் தடவை மட்டும், அறிமுகத்துக்காக, மேடத்தோடு போனேன். சித்தி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். மேடம் சிரித்துக்கொண்டே, "தண்ணி மட்டும் போதும்மா" என்றார். எனக்கும் அதேதான் சொல்ல வேண்டியிருந்தது. சித்தி டம்ளர்களை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். வெளியே வரும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "தெருவுல ஒருத்தியும் எங்க வூட்டு தண்ணி குடிக்க மாட்டா அக்கா. கொழாயாண்ட போனா அவளுங்க கொடத்த தள்ளி வெச்சுக்கிறாளுங்க. நீங்களும் படிச்சவுங்க. சரி, வுடு."

அந்த 'சரி, வுடு' என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதம் தனியாகப் போனேன். மதியம் பன்னிரண்டரை, மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே நெத்திலிக் குழம்பு கொதிக்கிற வாசனை வாசல்வரை வந்தது.

"இன்னாக்கா, இந்த வெயில்ல வந்துகீற. குந்து" என்றாள் சித்தி. டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள். பேசி முடித்து நான் பையை எடுத்தபோது குறுக்கே நின்றுகொண்டாள். "ஒரு வாய் துன்னுட்டுப் போ."

"வேணாம்மா, ஆபீஸ்ல..."

"கை நனைக்காம போனா நீயும் அவளுங்க மாதிரிதான்."

உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைதான் பரிமாறினாள். இடுப்பில் தம்பிக் குழந்தை, ஒரு கையில் கரண்டி. நான் ஒரு வாய் வைத்ததும் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அந்த சோடா பாட்டில் சாரை எட்டி உதைத்த மாதிரி இருந்தது. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். குழம்பும் பிரமாதம், பொய் சொல்லக் கூடாது.

அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் சின்னச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. எண்ணெய் தெறித்த தழும்பு. பார்க்காமல் இல்லை. சமையல்கட்டில் நிற்கிற எந்தக் கையில் அது இல்லை, என் கையிலும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வந்ததற்கு அத்தாட்சியாகப் பிள்ளையோடு ஒரு போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எடுத்தேன். அதில் நான் பல் தெரிய நிற்கிறேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

சித்தி அந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கிற தள்ளுவண்டி போட்டிருந்தாள். மீன்பாடு இல்லாமல் புருஷன் வெறும் கையோடு கரைக்கு வருகிற நாளில் வேறென்ன செய்வாள்? டூரிஸ்ட்காரர்களுக்கு அவள் வீட்டுக் கதை தெரியாது, வாங்கித் தின்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, பிள்ளை வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறாள் என்றார்கள். சித்தியிடம் கேட்டேன். "கைக்கொழந்தைய வெச்சுகினு ஒருத்தியா இன்னா பண்றது அக்கா? இந்தக் கூட்டம் இருக்கிற ரெண்டு மாசம் போவட்டும், அப்பால ஒழுங்கா அனுப்புறேன்" என்றாள். நானும் சரி என்றேன். அறிக்கையில் 'சில நாட்கள் உடல்நலமின்மையால் பள்ளி செல்லவில்லை' என்று எழுதினேன். உடல்நலமின்மை! யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது தடவை போனபோது எனக்காக வஞ்சிரம் ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்கிற கட்டத்தை எல்லாம் நான் தாண்டியிருந்தேன். கை கழுவிக்கொண்டு நேராகப் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்ததும் குழந்தை அழுதது, சித்தி தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "பஸ் ஸ்டாப்பாண்ட வரைக்கும் ஆன்ட்டிய வுட்டுட்டு வா" என்று பெண்ணை அனுப்பினாள். சவுக்குத் தோப்பு ஓரமாக இரண்டு பேரும் நடந்தோம். மேடம் சொன்ன 'தனியாகப் பேசுவது' தானாகவே அமைந்துவிட்டது. நான் என்ன பேசினேன் என்றால், குழம்பில் என்ன மசாலா போடுகிறீர்கள் என்று.

கொஞ்ச தூரம் வந்து, "ஆன்ட்டி, என்ன ஆஸ்டல்ல சேத்து வுட்றீங்களா?" என்றாள்.

"ஏன் கண்ணு? சித்தி இன்னா கொறை வெச்சாங்க?"

"கொறைலாம் இல்ல. சித்தி நல்லவங்கதான். எண்ணெ சட்டிதான் பயமா கீது. காத்து அடிச்சா அடுப்பு ஆடுது. தம்பியையும் வெச்சுகினு என்னால முடில." காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். "இஸ்கூல்ல எல்லாம் ரொம்ப தூரம் போய்ட்டாங்க. கணக்கு ஒண்ணுமே புரில."

இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை என்ன சொல்லும்? எனக்குப் பயிற்சியில் சொன்ன அத்தனையும் அந்த நாலு வரியில் இருந்தது. நான் அவள் தலையைத் தடவினேன். தடவிக்கொண்டே சொன்னேன்: "சித்தியும் பாவம்தானே கண்ணு. யாருமே இட்டுகினு போவாதப்போ உன்ன இட்டுகினு வந்தாங்க இல்ல? கொஞ்சம் அனுசரிச்சு போ. பழகிடும்."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன்.

அலுவலகத்தில் அறிக்கைத் தாளில் 'குழந்தை கூறியது' என்று ஒரு கட்டம் இருக்கும். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சித்தியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிறுத்தினாயா என்று கேட்பார்கள். அவள் என்னைப் பார்ப்பாள். என் வூட்டுச் சோத்தத் துன்னுட்டு என்னப் பத்தி எழுதினியே என்று அவள் வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அம்மாவுக்குப் பிறந்தவள் நான். நான் வஞ்சிரம் தின்றது சித்தியின் கையால் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள், பரிமாறினதே அவள்தான் என்பது படவில்லை. கட்டத்தில் எழுதினேன்: 'சித்தியுடன் மகிழ்ச்சியாக இருப்பதாகக் கூறினாள்.'

மேடம் படித்தார். "தனியா பேசினீங்களா அக்கா?"

"பேசினேன் மேடம்."

"இதையேதான் சொன்னாளா? இவ்வளவுதானா?"

"நல்லா இருக்கேன்னா மேடம்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் சாப்பிட்ட விஷயத்தையும் சொல்லவில்லை, அவள் கேட்ட விஷயத்தையும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சித்தியிடமிருந்து போன். வார்த்தையே வரவில்லை, ஓவென்று கத்தல் மட்டும்தான் வந்தது. "அக்கா, நீ வா அக்கா. புள்ள மேல எண்ணெ கொட்டிச்சு." சித்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கக் கொஞ்ச தூரம் தள்ளிப் போயிருக்கிறாள். வண்டியைச் சுற்றி வாங்குகிறவர்கள் கூட்டம். காற்று அடித்து அடுப்பு சாய்ந்திருக்கிறது. பெண் சட்டியைப் பிடிக்கப் போயிருக்கிறாள். ஓடியிருக்கலாம். பொருள் போய்விடுமே என்று பிடித்திருக்கிறாள். யாரோ ஒரு கார்க்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

நான் போனபோது கட்டுப் போட்டிருந்தார்கள். இடது தோளிலிருந்து விரல்வரைக்கும், தொடையில் ஒரு பக்கம். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர், உயிருக்குப் பயமில்லை, ஆனால் இரண்டு விரல் பழையபடி மடங்குமா என்பதை ஆறின பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அவள் மயக்கத்தில் இருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, 'பழகிடும், பழகிடும்' என்று நான் சொன்னதையே கேட்டுக்கொண்டிருந்தேன். வேறெதுவும் காதில் விழவில்லை.

சித்தி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கிட்ட சொன்னா அக்கா. பயமா கீது சித்தின்னு சொன்னா. நாந்தான் பழகிடும்னு சொன்னேன். நான் பாவி அக்கா."

என்ன வார்த்தை பாருங்கள். ஒரே வார்த்தை. அவள் அதை எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டி, "உன் தப்பு இல்லம்மா" என்று ஆறுதல் சொன்னேன். எவ்வளவு கேவலமான ஆறுதல்! நானும்தான் அதைச் சொன்னேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் அவள் பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்கும்.

நாற்பது நாளைக்கு அப்புறம் விசாரணை. பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கிற குழுவில் மூன்று பேர், நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சித்தியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். நானும் மேடமும் சுவர் ஓரமாக இருந்தோம். பிள்ளையை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. கையில் கட்டு சின்னதாகியிருந்தது. மேசைமேல் என் அறிக்கைகளை விரித்து வைத்திருந்தார்கள். என் கையெழுத்து தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது.

குழுவில் இருந்த அம்மா நல்லவர். மிட்டாய் கொடுத்து, பள்ளிக்கூடத்தைப் பற்றியெல்லாம் பேசி, பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்த வேலை கஷ்டமா இருக்கு, பயமா இருக்குன்னு இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். "சித்திகிட்ட சொன்னேன்."

"வேற யார்கிட்டயாவது?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மகளுக்குக் காலேஜில் கடைசி வருடம். வீட்டுக்காரருக்கு முதுகு வலி, வேலைக்குப் போவதில்லை. இன்னொரு லைன் மூடினால் எங்கே போய் நிற்பேன்? இத்தனையும் அந்த ஒரு நொடியில் ஓடியது. அவளைப் பற்றி ஓடவில்லை.

"இல்ல" என்றாள்.

"இதோ, இவங்க வீட்டுக்கு வந்தப்போ? இவங்ககிட்ட?"

"இல்ல. அவுங்க கேட்டாங்க. நாந்தான் நல்லாகீறேன்னு சொன்னேன்."

எழுந்து நின்று, அம்மா, அவள் பொய் சொல்கிறாள், என்னிடம் சொன்னாள் என்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டியதுதானே? மூச்சு விடுகிற நேரம்தான் ஆகும். நான் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என் அறிக்கையை மூடி வைத்தார். பிள்ளைகள் சில நேரம் மறைத்துவிடும், நாம் என்ன செய்ய முடியும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்க ஒழுங்காத்தான் போய்ப் பார்த்திருக்கீங்க. மனசை விட்டுடாதீங்க" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டேன் என்பதை எழுதும்போதே கூசுகிறது.

பிள்ளையை விடுதியில் சேர்ப்பது, அங்கிருந்தே பள்ளிக்குப் போவது, ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்து பார்க்கலாம் என்று முடிவானது. அவள் என்னிடம் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு விரல் மடங்கவில்லை.

தாள்களில் கையெழுத்து வாங்க மேடம் உள்ளேயே இருந்தார். நானும் அவளும் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். சித்தி அவளுடைய துணிப்பையை எடுத்துவர ஆட்டோவுக்குப் போயிருந்தாள். நான் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன். "ஏன் கண்ணு அப்படி சொன்ன? எங்கிட்ட சொன்ன இல்ல?"

"உங்களுக்கு வேலை போய்டும் இல்ல."

"போனா போவட்டும். நீ உண்மைய சொல்லியிருக்கணும்." சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் உண்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன்.

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அம்மா செத்த அப்பால எங்க வூட்ல குந்தி சோறு துன்னது நீங்க ஒருத்தருதான் ஆன்ட்டி" என்றாள். "உங்கள எப்படி மாட்டி வுட்றது?"

எனக்கு வந்த அழுகையை நான் அடக்கவில்லை. அடக்க முடியவும் இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்போது கதவு திறந்து மேடம் வெளியே வந்தார். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என் முன்னால் குனிந்தார்.

"என்ன அக்கா, என்ன ஆச்சு? ஏன் இப்படி அழறீங்க?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு அமையப் போவதில்லை.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, அக்கா ஏன் அழறாங்க?"

"நான் போறேன்னு அழுவுறாங்க" என்றாள் அந்தப் பிள்ளை.